ஏசி மெக்கானிக் போட்ட ஐஸ் காபி

ஊரில் உள்ளவர்கள் வீட்டையெல்லாம் குளிர வைப்பதுதான் என் பிழைப்பு. ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவேன். ஃபில்டரைக் கழற்றிக் கழுவுவேன், கேஸ் ஏற்றுவேன், ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பைத் தொங்கவிட்டுக்கொண்டு அவுட்டோர் யூனிட்டோடு மல்லுக்கட்டுவேன். வேலை முடிந்ததும் வீட்டுக்காரரை ஏசிக்கு நேராக நிறுத்தி, "எப்படி சார் இருக்கு, நல்லா வருதா?" என்று கேட்பேன். "நல்லா இருக்கு" என்று அவர் சொல்கிற வரைக்கும் இடத்தைவிட்டு நகர மாட்டேன். சிலர் தலையை மட்டும் ஆட்டுவார்கள், அது எனக்குப் போதாது. வாயைத் திறந்து சொல்ல வேண்டும். இதற்கு என் பெண் 'சர்டிஃபிகேட் வாங்குறது' என்று பெயர் வைத்திருக்கிறாள். அவள் ஒன்பதாவது படிக்கிறாள். எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி கேட்பதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர்.

இப்படிப்பட்டவன் வீட்டில் ஏசி இருக்குமா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஓடாது. எப்போது சரி பண்ணுவீர்கள் என்று என் மனைவி கேட்டால், வாடிக்கையாளர்களிடம் சொல்கிற அதே குரலில், "அடுத்த வாரம் பாத்துடலாம்மா" என்பேன். அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

அவளுக்கு ஒரு பல் ஆஸ்பத்திரியில் முன்மேசை வேலை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை உட்கார வைத்து, பெயர் எழுதி, டாக்டர் இதோ கூப்பிட்டுவிடுவார் என்று ஆறுதல் சொல்ல வேண்டும். பல்வலிக்காரர்களுக்கு டாக்டரைக் கண்டால் பயம். அதனால் கோபத்தையெல்லாம் மேசையில் இருப்பவளிடம் கொட்டுவார்கள். போதாததற்கு போன் வேறு விடாமல் அடிக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. தெரிந்து என்ன, மண்டையில் ஏறியிருக்க வேண்டுமே.

வேலை முடிந்து வருகிற வழியில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, வெனிலா போட்ட ஐஸ் காபி ஒன்றை வாங்கிவைத்துக்கொண்டு, அரை மணி நேரம் கழித்துத்தான் வீட்டுக்கு வருவாள். அந்த அரை மணி நேரம்தான் எனக்குக் கண்ணை உறுத்தியது. காசு வீண் என்று சொல்லிப் பார்த்தேன். குளிர்ந்தது தொண்டைக்கு ஆகாது என்றும் சொல்லிப் பார்த்தேன், ஊரையே குளிர வைக்கிறவன். உண்மை என்னவென்றால், அவள் வந்தால்தான் எனக்கு வீடு வீடாக இருக்கும். எந்த வீட்டில் எந்த மாமி என்ன சொன்னாள், எந்த அவுட்டோர் யூனிட்டுக்குள் புறா கூடு கட்டியிருந்தது என்பதையெல்லாம் உடனே அவளிடம் சொல்லியாக வேண்டும். அந்த நேரத்தை ஒரு பிளாஸ்டிக் கப் பறித்துக்கொள்கிறதே என்று வயிறெரிந்தேன். கப்பைப் பார்த்துப் பொறாமைப்பட்ட புருஷன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஒரு நாள் சாப்பிடும்போது அறிவித்தேன்.

"நாளையிலேர்ந்து நீ அந்தக் கடைக்குப் போக வேண்டாம். அதே காபிய நான் வீட்லயே போட்டுத் தரேன். நேரா வந்துடு."

"நீங்களா?" என்றாள். வேறு எதுவும் சொல்லாததே பெரிய மரியாதை.

"குளிர்ச்சிதாம்மா என் தொழிலே."

"அப்போ நம்ம வீட்டு ஏசி எந்தத் தொழில்ல வருதுப்பா?" என்றாள் வக்கீல். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மனைவி தட்டைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தாள். "சரி, வந்துடறேன்" என்றாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

முதல் நாள் சுடச்சுடக் காபி போட்டு ஐஸ் கட்டியின் மேல் ஊற்றினேன். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் ஐஸ் மொத்தமும் கரைந்து, காபி குடித்த டம்ளரைக் கழுவிய தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் காபியை முன்கூட்டியே போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன். மூட மறந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த நறுக்கிய வெங்காயம் தன் வாசனையைத் தாராளமாகக் கொடுத்திருந்தது. வெனிலா எசன்ஸை எவ்வளவு ஊற்றுவது என்று தெரியாமல் மூடி நிறைய ஊற்றியதில், குடித்தவளுக்கு நாக்கு கசந்ததோடு வீடே மருந்துக்கடை மாதிரி மணத்தது. சர்க்கரையைக் கருக்கிப் பாகு காய்ச்சினேன். கரண்டி பாத்திரத்தோடு ஒட்டிக்கொண்டது, இன்றுவரை இரண்டையும் பிரிக்க முடியவில்லை. ஆரஞ்சு வாசனை வரட்டும் என்று பால் விட்ட காபியில் பழத்தைப் பிழிந்த கதையைச் சொல்லாமல் விட்டுவிடுகிறேன். பால் திரிந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

நான் விடுகிற ஆள் இல்லை. காபித்தூளைச் சுடுதண்ணீரே காட்டாமல், பச்சைத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து வடிகட்டினால் கசக்காது என்று யாரோ சொன்னார்கள். ஊறவைத்தேன். வடிகட்ட மெல்லிய வலையாக வேண்டும், வீட்டில் இருந்தது டீ வடிகட்டி. அப்போதுதான் என் வேலைப் பையில் இருந்த புத்தம்புது ஏசி ஃபில்டர் ஞாபகத்துக்கு வந்தது. நன்றாகத் தேய்த்துக் கழுவித்தான் வடிகட்டினேன். அன்றைக்கு அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, பாத்திரம் கழுவும் தொட்டி ஓரத்தில் காய்ந்துகொண்டிருந்த வலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"புதுசும்மா. கவரையே இப்பத்தான் பிரிச்சேன்."

"நல்லா இருக்கு" என்றாள்.

எல்லாவற்றுக்கும் அதையேதான் சொன்னாள். நானும் அவளைச் சும்மா விடவில்லை. கைப்பை தோளில் தொங்க அவள் நின்றுகொண்டே குடிப்பாள், நான் எதிரில் நிற்பேன். வெனிலா தெரியுதா, இனிப்பு தூக்கலா இருக்கா, ஐஸ் போதுமா என்று கேட்பேன். வேலைக்குக் கொண்டுபோகிற தெர்மாமீட்டரை டம்ளருக்குள் விட்டுக் காட்டுவேன். நடுநடுவே புறாக் கதை. நான் மூச்சு விடுகிற இடைவெளியில் வக்கீல் தன் கணக்கு டீச்சர் மேல் வழக்கைத் தொடங்குவாள். மனைவி எங்கள் இருவருக்கும் மாறி மாறித் தலையாட்டிக்கொண்டே டம்ளரைக் காலி செய்துவிட்டு அடுப்பைப் பற்ற வைப்பாள்.

போகப் போக அவள் பேச்சு குறைந்தது. சாயங்காலமானால் நெற்றியில் தைலம். வக்கீல் ஒன்று கேட்டால் வெடுக்கென்று பதில் சொன்னாள், பிறகு அவளே வருத்தப்பட்டாள். எனக்குப் பயமாக இருந்தது. அவள் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று காணாமல் போய்க்கொண்டிருந்தது. என் புத்திக்கு எட்டிய காரணம் ஒன்றே ஒன்றுதான். காபி இன்னும் சரியாக வரவில்லை.

கடைசியில் அதையும் சாதித்தேன். காபியையே ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்தேன். இனி கரைந்தாலும் காபிதான், தண்ணீராகாது. வெனிலா சில சொட்டு, துளி பட்டைத்தூள், குளிர்ந்த பால். நானே குடித்துப் பார்த்தேன், சத்தியமாக நன்றாக இருந்தது. தலைகால் புரியவில்லை. அன்றைக்குப் பார்த்து அவள் போன் செய்தாள்.

"இங்க கூட்டம் ஜாஸ்திங்க. இன்னைக்கு வர லேட்டாகும்."

சரி, நாமே கொண்டுபோய்க் கொடுத்து அசத்திவிடலாம் என்று ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு வண்டியை எடுத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தார். "மேடம் எப்பவோ கிளம்பிட்டாங்களே" என்றார். வந்த வழியிலேயே வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு, நடைபாதையில் போகிற முகங்களைப் பார்த்துக்கொண்டே திரும்பினேன். காபிக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் நிம்மதி. அடுத்த நொடியே கோபம். இத்தனை பாடுபட்டு நான் போட்டுத் தர, இவள் பொய் சொல்லிவிட்டுக் கடைக் காபி குடிக்கிறாளே. எந்தக் காபி என்று தெரிந்துகொள்ள, வெட்கமே இல்லாமல், கடை வாசலிலேயே நிறுத்தியிருந்த வேனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தேன். கப் விளிம்புவரை நிரம்பியிருந்தது. ஐஸ் முழுக்கக் கரைந்து மேலே வெறும் தண்ணீராக நின்றது. உறிஞ்சு குழல் காகிதம்கூடப் பிரிக்காமல் பக்கத்தில் கிடந்தது.

அவள் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அந்தச் சுவரில் ஒன்றுமே இல்லை. அவள் முகம் மட்டும் லேசாகி இருந்தது. இத்தனை நாளாக நான் தேடிக்கொண்டிருந்த முகம் அதுதான். யாரும் எதுவும் கேட்காத ஒரு நாற்காலிக்காகத்தான் அவள் அங்கே போய்க்கொண்டிருந்தாள். காபி அதற்குக் கொடுத்த வாடகை. வெனிலாவா பட்டையா என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

உள்ளே போகவில்லை. அந்த நல்ல புத்தியாவது வந்ததே. சிக்னலில் நின்றபோது ஃபிளாஸ்கைத் திறந்து நானே குடித்தேன். அவமானத்திலும் காபி நன்றாகத்தான் இருந்தது. அவள் வீட்டுக்கு வந்ததும் நான் ஒன்றும் கேட்கவில்லை. "கூட்டமா?" என்றுகூடக் கேட்கவில்லை. அவள்தான் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

மறுநாள் சாயங்காலம் காபியைப் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன். அவளுக்கு போன் செய்தேன். "காபி உள்ள இருக்கும்மா. நானும் பாப்பாவும் வெளிய போறோம். நீ வா."

"வெளியன்னா எங்க?"

"சும்மாதான்."

வக்கீலைக் கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இருவரும் போக்கிடம் இல்லாமல் பக்கத்துத் தெருவில் நடந்தோம். கீழ்வீட்டுத் தையல்காரர் பார்த்துவிட்டு, "என்னப்பா, சாவிய தொலைச்சிட்டியா?" என்றார். ஆமாம் என்று சொல்லி வைத்தேன். அவர் பூட்டுக்காரரைக் கூப்பிட ஓடப் பார்த்தார், பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று. மனைவி எங்கள் தெருமுனையில் திரும்பி வீட்டுக்குள் போனதை மறைந்து நின்று பார்த்தோம். அப்புறம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காபியைக் கண்டுபிடித்திருப்பாளா, நான் இல்லாதது ஒரு மாதிரியாக இருக்குமா என்று மனசு அடித்துக்கொண்டது.

போன் அடித்தது. அவள்தான். தேடுகிறாள். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"எங்கங்க இருக்கீங்க?"

"கீழதாம்மா, நம்ம தெருவுல. இதோ வந்துடவா?"

போனில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இல்லங்க. இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சு வாங்களேன்."

"சரிம்மா" என்றேன்.

சுருக்கென்றது. கல்யாணமான நாளிலிருந்து தனக்கென்று அவள் எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. முதல் தடவையாகக் கேட்டிருக்கிறாள், நான் இல்லாத கொஞ்ச நேரத்தை. கேட்டால் கொடுப்பேன் என்று இன்றைக்குத்தான் நம்பிக்கை வந்திருக்கிறது போல.

"அம்மா என்ன சொன்னாங்க?"

"இப்ப வர வேண்டாமாம்."

"உனக்குக் கோபமாப்பா?"

"கொஞ்சம்."

அண்ணாந்து பார்த்தோம். எங்கள் ஜன்னலில் விளக்குப் போடவில்லை. இன்னொரு சுற்று நடக்கலாம் என்று திரும்பினோம்.