மைக் முன்னால் வராத சொல்

திருத்துறைப்பூண்டியில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார் அந்த விவசாயி. சிவந்த கண்கள், சேறு காயாத வேட்டி. உதடுகள் மட்டும் ஓசையில்லாமல் அசைந்துகொண்டே இருந்தன. திருவாரூர் குறைதீர் கூட்டத்தில் பேச ஒத்திகை பார்க்கிறாராம். நானும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தேன். கொள்முதல் நிலையத்தில் அவர் கொட்டிய நெல்லை எடைபோட ஆளில்லை. ஒரு வாரமாக அதன் பக்கத்திலேயே கிடக்கிறார். தூறினால் தார்ப்பாயை இழுத்து மூடுவார், வெயில் வந்தால் திறந்து கிளறுவார். தூக்கமே இல்லை. இதையெல்லாம் தடங்கலில்லாமல் என்னிடம் சொன்னார்.

கூட்டத்தில் மைக் அவர் கைக்கு வந்தது.

"ஐயா, நாங்க கொட்டி வச்சிருக்கற... அது... அதுதாங்க..." கைகளால் காற்றில் ஒரு குவியலை வரைந்து காட்டினார்.

"எதைச் சொல்றீங்க? சீக்கிரம் சொல்லுங்க," என்றார் அதிகாரி.

உதடுகள் அசைந்தன, சொல் வரவில்லை. நான் எழுவதற்குள் மைக் அடுத்தவரிடம் போய்விட்டது.

திரும்பும் பஸ்ஸிலும் என் பக்கத்தில்தான் இருந்தார். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"நெல்லுங்க," என்றார். "நெல்லு. அந்த வார்த்தைதாங்க வரல."

அங்கே தார்ப்பாயை மூட யாராவது இருக்கிறார்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.