முதல் நடை

என் புருஷனைத் துறைமுகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பயில்வான் என்றுதான் சொல்வார்கள். நானும் வெட்கமில்லாமல் பயில்வான் பெண்டாட்டி என்று ராயபுரம் முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்திருக்கிறேன். அந்தத் திமிரை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

உலகச் சண்டை முடிந்து ரேஷன் கோதுமை கப்பல் கப்பலாக வந்த காலம். எந்தக் கூலிக் கூட்டத்துக்கு எந்தக் கப்பல் என்பதைக் கிடங்கில்தான் முடிவு செய்வார்கள். கூட்டத்துக்கு ஒருத்தன் முதுகில் இரண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு, சாய்த்து வைத்த பலகை வழியாக மூட்டை அடுக்கின் உச்சிக்கு ஏறிப் போட வேண்டும். அதற்கு முதல் நடை என்று பெயர். எவன் முந்துகிறானோ அவன் கூட்டத்துக்குத்தான் கப்பல். மற்றவர்கள் பாதிப் பலகையிலேயே முட்டி மடங்கி உட்கார்ந்துவிடுவார்கள். இவர் ஏறிப் போட்டுவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு இறங்குவார். அன்றைக்கு நாற்பது வீட்டில் உலை கொதிக்கும்.

இருமலில் ரத்தம் வர ஆரம்பித்தபோது கூட்டத்தில் ஒருத்தரும் பயப்படவில்லை. பலம் மிஞ்சிப்போனால் ரத்தம் பொங்கி வெளியே வருமாம். அது அவர்கள் கண்டுபிடித்த வைத்தியம்.

"பயில்வானுக்கு ஒடம்புல ரத்தம் ஜாஸ்தியா கீது அண்ணி. மோர் குடு, அடங்கிடும்" என்றார் மேஸ்திரி.

கொடுத்தேன். கூடவே பச்சை முட்டை, ஆட்டுக்கால் சூப்பு. பொங்கி வழிவதை ஈடுகட்ட வேண்டாமா?

எதிர்வீட்டு அக்கா மட்டும்தான் உண்மையைச் சொன்னாள். அவள் புருஷனும் மூட்டை தூக்கி, இதே மாதிரி துப்பித் துப்பிச் செத்தவன்.

"வெளிய வர்றது பலம் இல்லடி, உசுரு. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ. முதல் நடைய நிறுத்தச் சொல்லு."

"உன் புருஷனால முடியாதத என் புருஷன் பண்றாருன்னு வயிறு எரியுதாக்கா?" என்று கேட்டேன். அவள் தலை மறைந்ததும் உப்பு, மிளகாய் எடுத்து இவருக்குச் சுற்றி அடுப்பில் போட்டேன்.

அப்புறம் ஒருநாள் அவருடைய தோள் துண்டைத் துவைத்தேன். எவ்வளவு அடித்தும் கறை போகவில்லை. அப்போதுதான் பயம் வந்து அழுதேன்.

"எனக்குத் தெரியாதா? நான் நின்னா நாப்பது வூட்டு அடுப்பு நிக்கும். இன்னா பண்ணச் சொல்ற?" என்றார்.

அதற்குப் பிறகு நான்கு கப்பல். ஐந்தாவதில் உச்சிவரை ஏறி, மூட்டைகளைப் போட்டுவிட்டு, அதன் மேலேயே சாய்ந்துவிட்டார். வயது முப்பத்திரண்டு. கப்பல் அவர்களுக்கே கிடைத்ததாம். பிணத்தோடு வந்த மேஸ்திரி அதையும் மறக்காமல் சொன்னார்.

பதினாறாம் நாள் முடிந்ததும் துண்டைக் கேட்டு வந்தார்கள். ராசியான துண்டு, புது ஆள் தோளில் போட வேண்டுமாம். கறையோடு கொடுத்தேன். கொடுத்துவிட்டு மனசு கேட்காமல் அந்தப் புது ஆளின் வீட்டுக்கே போனேன். அவன் பெண்டாட்டி சின்னப் பெண். டம்ளரில் முட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். முதல் நடைக்கு அனுப்பாதே, இருமினால் மோர் கொடுக்காதே என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

அவள் என் வெறும் கழுத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உன் வூட்டுக்காரரு எடத்துக்கு என் வூட்டுக்காரரு வந்தது பொறுக்கலியாக்கா உனக்கு?"

திரும்பி நடந்தேன். தெருமுனை வருவதற்குள் அவள் வீட்டிலிருந்து மிளகாய் கருகும் நெடி வந்தது.