ஈச்சம்புதரும் நரியும்

உலக யுத்தம் முடிந்த மறு கோடை. நான் தாவரவியல் மூன்றாம் வருஷம். கிண்டியில் கவர்னர் மாளிகையைச் சுற்றியிருந்த காட்டைப் பார்த்து எழுத எங்கள் பேராசிரியைக்கு அனுமதி கிடைத்தது. ஒரே நிபந்தனை: ஆண்கள் கல்லூரியின் விலங்கியல் மாணவர்களும் எங்களோடு வருவார்கள்.

சாந்தோமில் எங்கள் வீட்டில் அன்று சாப்பாடே இறங்கவில்லை. "ஆம்பிளைப் பசங்களோட காட்டுக்கா? கோயில்ல நாலு பேர் கேட்டா என்னடி சொல்றது?" என்றாள் அம்மா. மறுநாள் மாலை பேராசிரியையே வீட்டுக்கு வந்து, "உங்க பொண்ணுக்கு நான் பொறுப்பு" என்றார். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். "படிப்புக்குத்தானே, போகட்டும்" என்று முடித்துவிட்டார்.

விடியற்காலையில் முதல் பஸ் பிடித்து அடையாறு வந்து, அங்கிருந்து நடப்போம். காட்டு வாசலில் காவல்காரர் தினமும் சிரிப்பார். "இன்னாம்மா, முள்ளத் தவிர உள்ள இன்னா கீது?"

நிறைய இருந்தது. ஒரு காலை, புள்ளிமான்கள் போன தடத்தின் நடுவே ஒரு மண்மேட்டில் எச்சக் குவியலைப் பார்த்தேன். முழுக்க ஈச்சங்கொட்டைகள். சதை துளியும் ஒட்டாமல் பளபளவென்று இருந்தன. ஈரமணலில் நாய்க்கால் போன்ற தடம்.

"நரி" என்றேன்.

விலங்கியல் மாணவர்களில் உயரமானவர் சிரித்தே விட்டார். "நரியாவது பழம் தின்கிறதாவது! இது மரநாய் வேலை."

"தடத்தைப் பாருங்க சார்."

"ஊர் நாய் வந்திருக்கும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பேராசிரியை மட்டும் நிதானமாக, "சண்டை எதுக்கு? உட்கார்ந்து பாருங்க" என்றார்.

மறுநாள் இரண்டு கல்லூரியும் ஒரே புதருக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். எறும்பு கடித்தது. ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அந்த உயரமானவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். மூன்றாம் நாள் வெயில் ஏறுகிற நேரம், பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வகுப்புத் தோழி என் கையை அழுத்திப் பிடித்தாள். இடுப்புயர ஈச்சம்புதரிடம் ஒரு நரி வந்து நின்றது. முள் குத்தாமல் முகத்தைச் சாய்த்து, கறுத்த பழங்களாகப் பார்த்துப் பார்த்துப் பிடுங்கித் தின்றது. சிவந்த காய்களைத் தொடவே இல்லை! எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

நரி போனதும் அவர் எழுந்து, "நான் தோத்தேன். இந்தக் கொட்டை முளைக்குமா, அதைப் பார்க்கலாம் வாங்க" என்றார். தோற்றவர் முகத்தில் என்னைவிட அதிக சந்தோஷம்.

எச்சத்திலிருந்து கொட்டைகளைப் பொறுக்க வேண்டும். எல்லோரும் தயங்கி நிற்க, மயிலாப்பூரில் மடியும் ஆசாரமுமான வீட்டிலிருந்து வந்த என் தோழிதான் முதலில் கைவிட்டாள். "ஆத்துல தெரிஞ்சா தலைக்குத் தண்ணி ஊத்திண்டாத்தான் உள்ளயே விடுவா. நீ சொல்லிடாதே!" என்று சிரித்துக்கொண்டே அள்ளினாள்.

எங்கள் கொல்லையில் மண்ணெண்ணெய்த் தகரங்களில் விதைத்தோம். ஒரு வரிசை நரி தின்றவை, மற்றொரு வரிசை நாங்களே பழத்திலிருந்து எடுத்தவை. கோடை போயிற்று, கல்லூரி திறந்தது, தகரத்தில் ஒன்றுமில்லை. ஐப்பசி மழையில் ஒரு காலை அம்மாவின் குரல்தான் என்னை எழுப்பியது: "அடியே, உன் நரி முளைச்சிருக்கு!"

இரண்டு வரிசையும் முளைத்திருந்தன, ஏறக்குறைய ஒன்றாகவே. நரி வயிற்றில் போனது விரைவாக முளைக்கும் என்று நம்பியிருந்த எனக்கு முகம் வாடியது. பேராசிரியை முதுகில் தட்டினார். "பழம் புதரடியிலேயே விழுந்தா அங்கேயே கிடக்கும். அந்த மேட்டுக்கு யார் கொண்டு போனது?"

அந்த ஒரு கேள்விதான் எங்கள் கட்டுரை ஆயிற்று. இரண்டு கல்லூரியும் சேர்ந்து எழுதினோம். கல்லூரி மண்டபத்தில் பாதியை அந்த உயரமானவர் வாசிக்க, மீதியை நான் வாசித்தேன். என் குரல் நடுங்கவில்லை. இறங்கி வந்ததும் தோழி கேட்டாள், "அடுத்த கோடைக்குக் கொட்டிவாக்கம் கடலோரம் போலாமாம். வரியா?"

பேராசிரியையிடம் நான் ஏற்கனவே பேர் கொடுத்திருந்தேன்.