ஒரு பீப்பா வீடுகள்

மருதானையில் நான் வேலை பார்த்த சுகாதாரப் புள்ளிவிவர அறைக்கு, வீடுவீடாகத் தேங்கிய தண்ணீரில் எண்ணிய, காய்ச்சல் பரப்பும் நுளம்புகளின் குடம்பிப் புழுக்களின் கணக்கு மாதந்தோறும் வரும். மழைக்காலத்தில் எண்ணிக்கை ஏறவேண்டும். கொட்டாஞ்சேனையில் ஏறியது. வெள்ளவத்தையில் சில வீடுகள் மட்டும் அடைமழையிலும் பூச்சியம் காட்டின.

அங்கே நுளம்பு பெருக வழியே இல்லை, பூச்சியங்களைத் தனியாகக் கையாளும் கணித மாதிரியை எடுப்போம் என்றாள் கூட வேலை பார்த்த என் சிங்களத் தோழி. எனக்குப் பொறுக்கவில்லை. பருவம் எல்லாருக்கும் பொது, வீட்டுக்கு வீடு உள்ள வேறுபாட்டுக்கு இடம்விடும் மாதிரியே வேண்டும் என்று சண்டை பிடித்தேன்.

எங்கள் வீடும் வெள்ளவத்தையில்தான். பின்பக்கம் மூன்று பீப்பாய்களில் தண்ணீர் இருக்கும். குடம்பி எண்ணுகிறவர் ஒழுங்கைக்குள் வந்ததுமே அம்மா மூடி போட்ட ஒன்றை விட்டு மற்ற இரண்டையும் கவிழ்த்துக் கொட்டிவிடுவா.

"இவ்வளவு தண்ணி ஆருக்கெண்டு கேட்டால் என்னத்தைச் சொல்லுறது?"

வடக்கிலிருந்து வருகிற தமிழர் பொலிஸில் பதியவேண்டிய போர்க்காலம் அது; பதியாத யாழ்ப்பாணத்துச் சொந்தங்கள் உள்ளறையில் விசாவுக்குக் காத்துக்கிடந்தார்கள். எண்ண வந்த சிங்கள ஐயாவிடம் அம்மா சிரித்தபடி, "ஒரு பீப்பாதான், மாத்தயா" என்பா.

என் மாதிரிதான் எண்களுக்குப் பொருந்தியது. அந்த வீடுகளுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று தோழி கேட்டாள். தெரியாது என்றேன். அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனால் கதவைத் திறக்கவே உள்ளறையிலிருந்து நாலு பேர் ஓடிவந்தார்கள்.

பிறகு எல்லாரும் கனடாவுக்கும் லண்டனுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். அம்மா சொன்னது இப்போது உண்மையாகிவிட்டது. எங்கள் வீட்டில் ஒரு பீப்பாதான்.