ழகரம் ஏறிய அரபு

கடுகண்ணாவையிலிருந்து தினமும் பஸ் ஏறி, பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய் அரபு படித்தேன். சின்ன வயதிலேயே குர்ஆன் ஓதி முடித்தவள் என்பதால் பாடம் இலேசாக இருக்குமென்று வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள். நானும்தான். ஓதத்தான் தெரியும், பஸ் எங்கே நிற்கும் என்று அரபில் கேட்கக்கூடத் தெரியாது என்பது போன கொஞ்ச நாளிலேயே விளங்கிவிட்டது. அகராதி அரபிலிருந்து ஆங்கிலத்துக்கு. அங்கிருந்து தமிழுக்கு நான்தான் இழுத்து வர வேண்டும். ஒரு பக்கம் முடிவதற்குள் தலை கனத்துவிடும்.

அதைவிட என்னைக் களைக்க வைத்தது ஓர் அரபு எழுத்து. எங்கள் பக்கத்தில் அதை ‘ழாத்’ என்போம். ரமழான் என்று எழுதுவதும் அதனால்தான். அரபு படிப்பித்த மிஸ் ஒவ்வொரு வகுப்பிலும் என்னை நிறுத்துவார்.

“அது ழ இல்ல, பிள்ள. நாக்கு ஓரத்தக் கடவாப் பல்லோட அழுத்துங்க.”

அழுத்துவேன். ழ வரும். இல்லாவிட்டால் தடித்த ஒரு த.

ஒருநாள் குசினியில் அடுப்புப் பக்கத்தில் நின்று அந்த எழுத்தைச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன். கடையிலிருந்து வந்த வாப்பா கேட்டுக்கொண்டே நின்றார்.

“என்ன மகள், புதுசா ஓதுற?”

“இதுதான் சரியாம், வாப்பா.”

“அப்ப நாங்க இவ்வளவு காலமும் ஓதினது பிழையா?”

அவர் முகம் வாடியதைப் பார்த்து, அன்றைக்குப் பழகுவதை விட்டுவிட்டேன்.

இரண்டாம் வருட வாய்மொழிப் பரீட்சையன்று எனக்குக் காய்ச்சல். தவறவிட்டால் அடுத்த வருடம்தான். போனேன். மிஸ் புள்ளித்தாளைப் பார்த்தபடியே அரபில் சுகம் விசாரித்தார். சுகமில்லை என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லிலும் அதே எழுத்து.

“அன மரீழா.”

“திரும்பச் சொல்லுங்க.”

“மரீழா.”

“இன்னும் ஒருக்கா. ழ வேணாம்.”

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். குரல் உடைந்தது. அப்போதுதான் அவர் தலையைத் தூக்கினார்.

“அல்லாஹ்! மெய்யாவே சுகமில்லையா?” இந்த முறை சுகத்தைத் தமிழிலேயே கேட்டார்.

தலையாட்டினேன். கதிரையை இழுத்துப் போட்டு, தன் போத்தலிலிருந்து தண்ணீர் தந்தார். மிச்சக் கேள்விகளை மெதுவாகக் கேட்டார். அந்த எழுத்தைத் திருத்தவே இல்லை.

திரும்பி வரும்போது பஸ் யன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். கோபம்கூட வரவில்லை. எப்படிப் போனதென்று உம்மா கேட்டார். “முடிஞ்சிச்சி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்தேன்.

பாஸாகும் அளவுக்குப் புள்ளி வந்தது. அதற்குமேல் இல்லை.