மச்சினனின் மழை உடுப்பு

“…உங்களுக்கெல்லாம் எதுக்குங்க டேப்பு?” என்றாள் என் மனைவி, தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்தபடி.

அவள் சொன்னதில் முன்பாதி என் காதில் விழவில்லை. தகரக் கூரையின் மேல் மழை அப்படி அடித்துக்கொண்டிருந்தது. விழுந்த பாதியே எனக்குப் போதுமானதாக இருந்தது. மகனுடைய பழைய டிராக் பேண்டை மாட்டிக்கொண்டு, அளவு கொடுப்பதற்காக இரண்டு கைகளையும் விரித்து, வயல்காட்டுப் பொம்மை மாதிரி நின்றுகொண்டிருந்தேன் நான். கூடப் பிறந்தவனுக்கு டேப்பு உண்டு, கட்டினவனுக்குக் கிடையாது. வயிறு திகுதிகுவென்று எரிந்தது. எரிந்த கதையை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். பாதியிலிருந்து கேட்டால் என்னைத்தான் பொல்லாதவன் என்பீர்கள்.

மொபெட்டில் கேன் கட்டி டீ விற்பது என் தொழில். கணபதி ஏரியாவில் லேத்துப் பட்டறைகள், மோட்டார் பட்டறைகள் என்று காலையில் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று. படிப்பு பெரிதாக ஏறவில்லை. பட்டறைக்காரர்கள் டீ குடிக்கிற நேரத்தில் போகிற போக்கில் சொல்லுகிற சொலவடைகள்தான் நான் படித்த படிப்பு. “ஆறுன டீயும் ஆறாத கோவமும் வவுத்துக்கு ஆவாது” என்று ஒரு லேத்துக்காரர் சொன்னதை அன்று முழுக்க நாக்கில் வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறேன்.

வெயில் காலத்தில் என் தொழிலைப் போல சுகமான தொழில் கிடையாது. ஆனி பிறந்து, பாலக்காட்டுப் பக்கமிருந்து சாரலோடு கூதல் காற்று கிளம்பினால்தான் சங்கடம். அந்தச் சாரல் மேலிருந்து விழாது, பக்கத்திலிருந்து வரும். நானோ வேட்டி கட்டுகிறவன். மேலுக்குப் பிளாஸ்டிக் கோட்டு போட்டாலும், மடித்துக் கட்டிய வேட்டி முழங்கால் வரைக்கும்தானே? மொபெட்டில் உட்கார்ந்தால் கோட்டில் வழிகிற தண்ணீர் எல்லாம் நேராக மடியில் வந்து குளம் கட்டும். போன வருடம் அப்படி நனைந்து, நெஞ்சில் சளி கட்டி, இழுப்பு வந்து படுத்துவிட்டேன். எழுந்து போவதற்குள் முக்கால்வாசிப் பட்டறைகள் பேக்கரிக்காரனிடம் டீ வாங்கப் பழகிவிட்டன. திரும்பக் கெஞ்சிப் பிடித்தது பாதிதான். இந்த மழைக்கும் படுத்தால் மிச்சமும் போய்விடும் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

என் மனைவி வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு, வண்டிகளுக்கு மூடுகிற உறை தைத்துக் கொடுக்கிறாள். டீக் கேனுக்குக்கூட ஒன்று தைத்திருக்கிறாள். உள்ளே பஞ்சு, வெளியே ரெக்சின், கழுத்து வரைக்கும் ஜிப்பு, குழாய்க்கு மட்டும் ஒரு சின்ன வாசல். மழையில் நான் நடுங்குவேன், என் முதுகுக்குப் பின்னால் கேன் சொகுசாக வரும். “டீக்குச் சட்டை போட்டுட்டு நீங்க அம்மணமா வாரீங்களே மாமா” என்று ஒரு பட்டறைப் பையன் கேட்டான். அந்தக் கேனைப் பார்த்தே எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். ஆனால் கேனோடு யாரும் சண்டை போட முடியாது.

அந்த நேரம் பார்த்துத்தான் என் மச்சினன் வந்து சேர்ந்தான். அவளுக்கு ஒரே தம்பி. உடுமலைப்பேட்டையில் தேங்காய் வியாபாரம். தோப்புத் தோப்பாக பைக்கில் போய்க் காய் பார்த்து விலை பேசுகிறவன். வந்தவன் செல்லை நீட்டினான். அதில் ஒரு வெள்ளைக்காரன், கழுத்து முதல் கணுக்கால் வரை ஒரே துணியாகத் தைத்த மழை உடுப்பில், கொட்டுகிற மழையில் சிரித்தபடி பைக் ஓட்டிக்கொண்டிருந்தான். சட்டை வேறு, பேண்ட் வேறு என்று கிடையாது. குழந்தைக்கு மாட்டுகிற உடுப்பைப் பெரியவனுக்குத் தைத்தது மாதிரி.

“அக்கா, இது மாதிரி ஒண்ணு தெச்சுத் தாரியா?”

“கொரோனாவுல தெச்சதுதானடா இது. தாரேன்” என்றாள்.

உண்மைதான். அந்தக் கொரோனா சமயத்தில் தலையோடு கால் மூடுகிற உடுப்பை வீட்டிலேயே உட்கார்ந்து மூட்டை மூட்டையாகத் தைத்துக் கொடுத்தவள் அவள். வெட்டின துணி கம்பெனியிலிருந்து வரும், இவள் மூட்டித் தைப்பாள். துணிக்கும் பஞ்சமில்லை. பெரிய கடை வீதியில் அவள் வாடிக்கையாகப் போகிற பாயின் துணிக்கடையில் ரோலின் கடைசி மிச்சம் ஒன்று கிடைத்திருந்தது. வெளிப்பக்கம் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், உள்பக்கம் பூனைக்குட்டி முதுகு மாதிரி மெத்தென்று கதகதப்பாக இருக்கும். நீலக் கறுப்பு. அதை வாங்கி வந்த நாளிலிருந்து எனக்கு அதன் மேல் ஒரு கண். வாய் விட்டுக் கேட்கவில்லை. கேட்காமலே தருவாள் என்று இருந்தேன்.

டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தம்பியை நடு வீட்டில் நிறுத்தினாள். கழுத்து, தோள், மார்பு, கை, தொடை, கணுக்கால் என்று சுற்றிச் சுற்றி வந்து அளந்தாள்.

“வவுத்த உள்ள இழுக்காத. பொறவு மழைல மூச்சு உட முடியாது.”

“கொஞ்சம் டைட்டா இருக்கோணும்க்கா. படத்துல இருக்கறவன் எப்புடி இருக்கறான் பாரு.”

“படத்துல இருக்கறவன் மூணு வேளையும் அரிசிம்பருப்புச் சாப்பாடு தின்னவனில்லடா.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் ஒரு மூலையில் டம்ளர்களைத் துடைத்தபடி இருந்தேன். எங்களுக்குக் கல்யாணமாகி, மகன் பிறந்து வேலைக்கே போய்விட்டான், ஒரு நாளாவது அந்த டேப்பு என் மேல் பட்டிருக்குமா? எனக்கு வேண்டிய சட்டை எல்லாம் கடையில் வாங்கியது. பேசாமல் இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

“ஏன் மாப்ள, இதைப் போட்டுட்டு அவசரத்துக்கு ஒண்ணுக்கு எப்படிப் போவ?”

“அதுக்கும் ஒரு ஜிப்பு உண்டுங் மாமா. நீங்க கேக்கறதப் பாத்தா விசாரிக்கற மாதிரி இல்லீங்க, வவுறு எரியற மாதிரி இருக்குதுங்க.”

“எனக்கா? வேட்டி கட்டற மனுசனுக்கு எதுக்கு மாப்ள இந்தச் சாக்கு?”

“அதானுங்க” என்று அவள் டேப்பைப் பல்லில் கடித்தபடியே சொன்னாள். “வேட்டிக்கு மேல இத எப்படிங்க மாட்டறது? வேட்டிய உட்டுப்போட்டு வாங்க, பாக்கலாம்.”

“என் இடுப்புல பேண்ட் ஏறுனா, அன்னைக்கு மழை கீழிருந்து மேல பேயும் அம்மணி.”

சொலவடை மாதிரி நன்றாகத்தான் வந்து விழுந்தது. அதோடு என் பேச்சும் முடிந்துபோயிற்று. அளவும் அவனுக்கு, துணியும் அவனுக்கு.

உடுப்பு தயாரானதும் மச்சினன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். எங்கள் வீட்டில் புதுத் துணிக்கு மஞ்சள் வைக்காமல் யாரும் போட மாட்டோம். இவள் மஞ்சளைக் குழைத்து வெளித் துணியில் வைத்தாள். அது தண்ணீரே ஒட்டாத துணி, மஞ்சள் ஒட்டுமா? வழுக்கிக்கொண்டு வந்தது. விடவில்லை அவள். கழுத்துப் பட்டையைப் புரட்டி, உள்ளே மெத்தென்று இருக்கிற பக்கத்தில் அழுத்தி ஒரு பொட்டு வைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுத்தாள். அந்தப் பொட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையில் வலித்தது. துணி போனால் போகட்டும். அத்தனை மெனக்கெடலை என் பேரில் நான் பார்த்ததில்லை.

அவன் மாட்டிக்கொண்டு ஜிப்பைக் கழுத்து வரை இழுத்தான். அழகாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். மழையும் அவனுக்காகவே பெய்கிற மாதிரி தூறியது. சந்தில் மேலும் கீழும் நடந்து காட்டினான். எதிர்வீட்டு அம்மா வாசலுக்கு வந்து, “ஏந் தம்பி, ராக்கெட்டு எத்தன மணிக்குக் கெளம்புது?” என்றார்.

“அக்கா தெச்சதுங்க” என்றான் அவன். கேட்டவர்களுக்கும் சொன்னான், கேட்காதவர்களுக்கும் சொன்னான். “அக்கா தெச்சதுங்க.” அக்கா இருக்கிற வரைக்கும்தான் மச்சான் உறவு என்பார்கள். இங்கே அக்கா இருக்கும்போதே மச்சான் கணக்கில் இல்லை.

பிறகு பைக்கருகில் போய்க் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தான். பின்பக்கம் ‘டர்ர்’ என்று கிழிந்தது.

நான் சிரிக்கவில்லை. கேனைக் கழுவுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். கேனில் என் முகம் தெரிந்தது. அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் என் கல்யாண போட்டோவில்கூடப் பார்த்ததில்லை.

இவள் ஓடிப்போய்க் கிழிசலை விரலால் தடவிப் பார்த்தாள். “நின்னமேனிக்கு அளந்துபோட்டேன் பாருங்க. இவன் வண்டில உக்காருவான்னு புத்திக்குத் தோணவே இல்ல.” சட்டையும் பேண்டும் தனித்தனியாக இருந்தால் குனியும்போது இடுப்பில் விலகிக் கொடுக்கும். இது ஒரே துணி. உட்கார்ந்து கையை முன்னால் நீட்டினால் முதுகு இழுக்கும், முதுகு இழுத்தால் அடியில் கிழியும். கொரோனா உடுப்பு தொளதொளவென்று இருந்ததால் அந்தத் தொந்தரவு அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. இவனோ டைட்டாகக் கேட்டவன்.

தம்பியை முக்காலியில் உட்கார வைத்து, கைப்பிடியைப் பிடிக்கிற மாதிரி கையை நீட்டச் சொல்லி, மறுபடியும் டேப்பு! மிச்சத் துணியை எடுத்து விரித்து, ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, தொடையிடுக்கில் ஒட்டுக் கொடுத்து மூட்டினாள். விரித்தபோதுதான் பார்த்தேன். இன்னும் ஓர் ஆளுக்குத் தைக்கத் தாராளமாகக் காணும்.

அவனும் பார்த்துவிட்டான். “அக்கா, மிச்சத்துல ஷூவுக்கு உறை, பைக்கு சீட்டுக்கு ஒண்ணு, அப்பறம் ஒரு பையி தெச்சு வெச்சிரு. வார ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்கறேன்.”

எனக்குப் பதறிவிட்டது. “அம்மணி, அந்தத் துணிய நம்ம கேனுக்கு வெச்சுக்கலாமே. பழைய உறை நைஞ்சுபோச்சு பாரு, பாவம்.”

“கேனோட உறைக்கு என்னங்க? நல்லாத்தானே இருக்குது.”

“மாமா பக்கத்து எலைக்குப் பாயசம் கேக்கறாருக்கா” என்றான் மச்சினன். அந்த லொள்ளு இருக்கிறதே, அது அவர்கள் குடும்பச் சொத்து. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளே தவிர, துணியைப் பற்றி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மடித்து மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

அந்த வாரம் முழுக்கச் சாரல் விடவே இல்லை. ஒவ்வொரு சுற்று முடித்து வரும்போதும் துணி மடித்த இடத்திலேயே இருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்கும். ஞாயிற்றுக்கிழமையும் நெருங்கிக்கொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை லேத்துக்காரர் டீயை வாங்கிக்கொண்டு, என் இருமலைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “ஏனுங்க, வீம்பு நனையாதுங்க. ஆளுதான் நனைவான்” என்றார். பேக்கரிக்காரன் விசாரித்துவிட்டுப் போனதாகவும் சொன்னார். என் உடம்பைத்தான் விசாரித்தானாம்.

நேராக வீட்டுக்கு வந்தேன். ஈர வேட்டியை அவிழ்த்துக் கொடியில் போட்டேன். பீரோவின் அடியிலிருந்து மகனுடைய டிராக் பேண்டை எடுத்துக் காலை விட்டேன். ஏறத்தான் செய்தது. என்னமோ பக்கத்து வீட்டுக்காரன் கால்களை இரவல் வாங்கினது மாதிரி இருந்தது. அப்படியே போய் மெஷினுக்கு முன்னால் நின்றேன்.

அவள் தைப்பதை நிறுத்தாமல் ஒரே ஒரு தரம் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்த்தாள்.

“மழை கீழிருந்து மேல பேயுதுங்களா?”

“லொள்ளெல்லாம் அப்பறம். அளந்துக்க அம்மணி” என்று கைகளை விரித்தேன். “அந்தத் துணி எனக்கு வேணும். உன்ற தம்பிக்கு சீட்டு உறை தெக்கறதுக்கு முன்னால எனக்குத் தெச்சுக் குடு.”

கேட்டே விட்டேன். பக்கத்து இலைக்கு இல்லை, என் இலைக்கே. அப்போதுதான் மழை வலுத்துத் தகரத்தில் அடித்ததும், அவள் என்னவோ சொல்லி, “…உங்களுக்கெல்லாம் எதுக்குங்க டேப்பு?” என்று முடித்ததும்.

“அவனுக்கு மட்டும் ரெண்டு தரம் அளந்தியே” என்றேன். என் குரல் எனக்கே சின்னப்பிள்ளைக் குரலாகக் கேட்டது.

அவள் மெஷினிலிருந்த உறையை உருவி ஒதுக்கினாள். மடித்து வைத்திருந்த நீலக் கறுப்புத் துணியை எடுத்துத் தரையில் விரித்து, சாக்கட்டியோடு மண்டியிட்டாள். கழுத்திலிருந்த டேப்பைத் தொடவே இல்லை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதுகுக்குக் கோடு இழுத்தாள். மொபெட்டில் உட்கார்ந்தால் என் முதுகு கூன் விழுகிற இடத்தில் கோட்டை வளைத்து, ஒரு சாண் கூடுதலாக விட்டாள். வலது தோளை வரைந்தாள். இத்தனை வருடமாகக் கேனைத் தூக்கித் தூக்கி என் இடது தோள் இறங்கிப்போயிருப்பது கண்ணாடியில் பார்த்தால்கூட எனக்குச் சட்டென்று தெரியாது. அவள் இடது தோளை ஒரு விரல்கடை தாழ்த்தி வரைந்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, அந்தத் தாழ்ந்த தோளிலிருந்து வெட்ட ஆரம்பித்தாள்.