சீனக் கம்பெனியை விசாரித்த தகப்பன்

அந்தப் பெரியவரை லண்டனில், சட்டன் போகும் ரயிலில் ஒரே ஒரு முறை சந்தித்தேன். இரண்டாயிரங்களின் பிற்பகுதி. தேதியைக் குறிக்காமல் விட்டதை நினைத்தால், வரலாற்றுப் பைத்தியமான எனக்கே வெட்கம். தோளுக்குப் பெரிதான ஜெர்மன் கோட், கழுத்தில் சிறு சிலுவை. யார் பேசினாலும் கண்ணை மூடி "உம்" கொட்டுவார்.

என் கையில் சீன வங்கிகளைப் பற்றிய புத்தகத்தைக் கண்டதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, மகளுக்கு ஒரு சீனக் கம்பெனியில வேலை குடுத்திருக்கினம். சொத்து மேலாண்மையாம். இண்டைக்கு மறுமொழி சொல்ல வேணும். ஆற்றை கம்பெனி அது, முதலாளி ஆர்?"

பெயரைச் சொன்னார். நான் படித்திருந்த நிறுவனம்தான். அவர் அதன் வரலாற்றைக் கேட்கவில்லை; அது எனக்கு ஒரு தடையாக இருக்கவில்லை. அரசு வங்கிகளின் வாராக்கடன்களை வாங்குவதற்காக 1999இல் அது பிறந்ததிலிருந்து தொடங்கினேன். ஸ்ட்ரெதம் நிலையம் தாண்டிய பிறகே உரிமையாளரிடம் வந்து சேர்ந்தேன்: சீன நிதியமைச்சு.

அவர் கண் திறந்தது.

"கவுண்மேந்து உத்தியோகமோ! அதை முதலே சொல்லியிருக்கலாமே!"

உடனே போனை எடுத்தார். "பிள்ளை, ஓம் எண்டு சொல்லு. வடிவா விசாரிச்சிட்டன். பென்சன் இருக்கு."

"அண்ணை, பென்சன் எண்டு நான்..."

"விளங்குது தம்பி, விளங்குது."

முதலாளி அரசாங்கம் என்பதால் லண்டனில் வேலை செய்பவர் அரசு ஊழியராகிவிட மாட்டார். அதைச் சொல்ல ஒரு வரி போதும். நானோ பங்கு நிறுவனங்களின் தோற்றத்திலிருந்து ஆரம்பித்தேன். அவர் என் கையைக் குலுக்கிவிட்டு இறங்கிப் போனார்.

நான் சொன்ன வரலாற்றைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை அதன் பிறகு நான் கண்டதில்லை.